ஓலைக்கொட்டகை

ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தனக்குப் பிடித்த மதுச்சாலையைப் பற்றி எழுதினார். கூச்சலில்லாத கூடம், வாடிக்கையாளர்களை அறிந்த பணிப்பெண்கள், பின்கட்டில் குழந்தைகளும் வரக்கூடிய தோட்டம். கட்டுரை முடிகிற தறுவாயில்தான் அப்படி ஓரிடமே இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆங்கிலேயன் தன் 'பப்'பைப் பற்றி எழுதுவதில் பாதி இந்த ஏக்கம். நம் உரைநடையிலோ கள்ளுக்கடை பெரும்பாலும் பிரச்சாரத்துக்காக, இல்லையென்றால் சிரிப்புக்காக வந்துபோனது.

பழமையில் நாம் பிந்தியவர்கள் அல்ல. ஏல் விற்பவன் வாசலில் அடையாளம் தொங்கவேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு கட்டளையிட்டது 1393-இல். கள் விற்ற இடத்தின் கொடியைப் பட்டினப்பாலை பல நூற்றாண்டு முன்பே பார்த்திருக்கிறது. அதியமானும் ஔவையும் பகிர்ந்த கள்ளை வைத்து நம் புலவர்கள் நட்பைப் பேசுவார்கள். கள்ளைப் பேசமாட்டார்கள்.

நான் பார்த்த கடை பொள்ளாச்சிப் பக்கம், 1982-இல். முந்தைய வருஷம்தான் எம்.ஜி.ஆர். அரசு கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி அனுமதி தந்திருந்தது. வாய்க்கால் மேட்டில் ஓலைக்கொட்டகை, மண்தரை, இரண்டு பெஞ்சு, சட்டியில் கொள்ளுச்சுண்டல். அப்பாருவைக் கூட்டிவர என்னை அனுப்புவார்கள். "ஏனுங்க மாமா, உங்கூர்ல எத்தன உழவு மழைங்க?" என்று யாராவது கேட்டால் போதும், மழையிலிருந்து கிணற்றுக்கும் கிணற்றிலிருந்து பங்காளி வழக்குக்கும் பேச்சு போகும். நானும் உட்கார்ந்துவிடுவேன்.

முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் தெளுவு, தடவாவிட்டால் கள். மரமேறி காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவவேண்டும். இறக்கியது சீக்கிரம் தீரவேண்டும், மறுநாள் காடியாகிவிடும். கள்ளுக்கடையின் சமூக இயல்பு முழுவதும் இந்தப் புளிப்பில்தான் இருந்தது என்பது என் எண்ணம். தூரம் போகமுடியாத சரக்கு. ஆகவே மரத்துக்குப் பக்கத்திலேயே கடை, விற்பவனுக்கும் குடிப்பவனுக்கும் முகப்பழக்கம். ஹாப்ஸ் சேர்த்த பீர் கெடாமல் தாங்கியதால் அங்கே பெரிய ஆலைகள் வளர்ந்து பப்புகளையே வாங்கிப்போட்டன.

கொட்டகைக்கு வெளியே பனையடியில் குத்துக்காலிட்டிருந்த பண்ணையத்து ஆட்களுக்கு மொந்தை கிடையாது. ஓலைப்பட்டையை ஏந்திப் பிடிப்பார்கள், மேலிருந்து ஊற்றுவார்கள். எனக்கு அப்போது அந்தப் பச்சை ஓலைதான் அழகாகத் தெரிந்தது. பப்பிலும் கூலிக்காரன் கூடம் வேறு, கனவான் கூடம் வேறு என்று இருந்ததுண்டு. ஆனால் கூடுதல் காசு கொடுத்தால் அந்தக் கதவு திறக்கும்.

ஆத்தா ஒருநாளும் வாய்க்கால் மேட்டைத் தாண்டியதில்லை. அப்பாரு வரும் நடையைக் கேட்டே சோறு போடுவதா, கதவைச் சாத்துவதா என்று தீர்மானிப்பாள். 1921-இல் ஈரோட்டு மறியலில் நாகம்மையும் கண்ணம்மாளும் நின்றது எதற்காக என்பது அவளுக்கு யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கும். தாதம்பட்டித் தோப்பில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தென்னைகளை ஈ.வெ.ரா. வெட்டச்செய்ததும் அந்த நாட்களில்தான்.

மற்றது அரசாங்கக் கணக்கு. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்துக்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி வந்தது. நம் விற்பனை வரி கள்ளுக்கடையின் வாரிசு. 1948-இல் மாகாணம் முழுக்க விலக்கு, 1971-இல் திறப்பு, 1974-க்குள் மூடல், 1981-இல் மறுபடி திறப்பு. 1987-இல் கள் போனது, போனதுதான். 1983-இல் பிறந்த டாஸ்மாக் 2003-இல் சில்லறைக் கடையையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பாட்டில் புளிக்காது, எங்கிருந்தும் வரும். கடையை ஒட்டிய இடத்துக்குப் பெயர் 'பார்'. ஆங்கிலச் சொல் மட்டும் வந்தது, வீடு வரவில்லை. எல்லை தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால் கள் இன்னும் சட்டப்படி கிடைக்கிறது. இங்கிருந்து போய்வருபவர்கள் ருசியைத்தான் சொல்கிறார்கள், பேச்சை அல்ல.

கடை மூடியபின் அப்பாரு டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார். பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடுவார், ஆத்தாவுக்கு நிம்மதி. பனையடியில் இருந்தவர்களும் அதே டீக்கடைக்கு வந்தார்கள். அவர்களுக்கான டம்ளர்கள் வெளியே, கூரை விட்டத்தில் தனியாகச் செருகியிருந்தன.