உப்பு மலையில் கிடந்த மாலாணிக் கற்கள்

பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியிலுள்ள உப்பு மலைத்தொடரில் மிகப் பழைய பாறாங்கல் படிவு ஒன்று உண்டு. நுண்ணிய மண்ணுக்குள் கூழாங்கல் முதல் பெரும் பாறாங்கல் வரை வரிசையின்றிப் புதைந்துள்ளன. அவற்றுள் சில ரயோலைட் என்னும் எரிமலைப் பாறையின் துண்டுகள். அம்மலைத்தொடரில் அப்பாறைக்குத் தாய்ப்படுகை இல்லை. அவை எங்கிருந்து வந்தன? எது கொண்டுவந்தது?

இரண்டாம் கேள்விக்கு விடை முதலில் தொடங்கியது ஒடிசாவின் தால்சேரில். 1856இல் வில்லியம் பிளான்போர்டு, அவர் தம்பி ஹென்றி, வில்லியம் தியோபால்டு ஆகியோர் அங்கு ஒரு முரணைக் கண்டனர். நுண்மண் படிவதற்கு நீர் அசைவின்றி இருத்தல் வேண்டும். பாறாங்கல்லை உருட்டுவதற்கோ பெருவெள்ளம் வேண்டும். இரண்டும் ஒரே படிவில் இருப்பது எங்ஙனம்? பனிக்கட்டி சுமந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வெப்பமண்டலத்தில் பனிக்கட்டியா என்ற ஐயத்துக்கு ஃபெடன் 1875இல் வெளியிட்ட கட்டுரை வலுவான சான்று தந்தது. சந்திரபூர் அருகே, பென்கங்கை ஆற்றோரத்து ஈராயில், சுண்ணாம்புப் பாறைத்தளம் மெருகேறி, இணைகோடுகளாகக் கீறப்பட்டிருந்தது. அடியில் கற்கள் பதிந்த பனிக்கட்டி நகர்ந்த தடம் அது. உப்பு மலைக் கற்களிலும் அத்தகைய கீறல்கள் உள்ளன.

முதல் கேள்விக்குப் பாறையின் கனிமச் சேர்க்கையும் இழையமைப்பும் விடையளித்தன. அவை மேற்கு ராஜஸ்தானின் மாலாணி எரிமலைப் பாறைகளோடு ஒத்திருந்தன. மாலாணிப் பாறைகளின் வயது ஏறத்தாழ 75 கோடி ஆண்டுகள். அவற்றின் துண்டுகள் புதைந்த படிவின் வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள். சர்கோதா அருகிலுள்ள கிரானா குன்றுகளிலும் மாலாணியோடு உறவுடைய பாறைகள் உள்ளமையால், ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே பிறப்பிடத்தைச் சுட்டுவது கடினம். ஆயினும் இரண்டு இடங்களும் உப்பு மலைக்குத் தெற்கே உள்ளன. ஆகவே திசையில் ஐயமில்லை.

அத்திசையே பெரிய வினாவை எழுப்பியது. பனிக்கட்டி வடக்கிலிருந்து வரவில்லை. தெற்கிலிருந்து வடக்கே சென்றது. இமயமலை அன்று தோன்றியிருக்கவில்லை. கண்டங்கள் நிலையானவை எனக் கொண்டால், இன்று நிலநடுக்கோட்டை நோக்கியுள்ள பக்கத்திலிருந்து பனி பரவியது ஏன் என்பதற்கு விளக்கமில்லை. தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றிலும் அதே காலத்துப் பனித்தடங்கள் கிடைத்தன. 1912இல் கண்டப்பெயர்ச்சிக் கருத்தை முன்வைத்த வேகனருக்கு இத்தடங்கள் முக்கியச் சான்றாயின. அக்காலத்தில் இந்தியா, கோண்டு மக்களின் நிலப்பெயரைத் தாங்கிய கோண்டுவானாப் பெருங்கண்டத்தின் பகுதியாக, தென் அரைக்கோளத்தின் குளிர்ப்பகுதியில் இருந்தது.

கல்லின் உள்ளமைப்பு அது பிறந்த இடத்தைக் காட்டியது. மேற்பரப்பின் கீறல்கள் அதைக் கொண்டுவந்த பனியைக் காட்டின. இரண்டையும் சேர்த்து வாசித்தபோதுதான், கல் மட்டுமன்றி அது கிடந்த நிலமும் இடம்பெயர்ந்தது என்பது விளங்கிற்று.