கரையோர மணலும் நைதரசனும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் தமிழ்பேசும் முஸ்லிம் பட்டினங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வாணிபத்தையும் நெசவையும் நெற்செய்கையையும் விரித்துரைப்பர். கிணற்றைப் பற்றிப் பேசுவோர் அரியர். கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே ஒடுங்கிய மணற்பரப்பு. சில அடி தோண்டியதும் அம்மணலில் நன்னீர் சுரந்தமை இத்துணை நெருங்கிய குடியிருப்பு இங்கு நிலைபெற்றதற்கு ஒரு காரணமெனக் கொள்ளலாம். வடகீழ்ப் பருவக்காற்றின்போது தெருவிலும் முற்றத்திலும் வீழ்ந்து மணலூடு இறங்கிய மழைநீரே பெரும்பாலும் அந்நீராகும்.

மணல் நீரைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. 1829இல் இலண்டனில் செல்சி நீர்க்கம்பனிக்காக ஜேம்ஸ் சிம்சன் அமைத்த மணல்வடி தேம்ஸ் நதியின் நீரைத் தெளிவித்தது. ஆயினும், தெளிந்த நீருக்குள் யாது கரைந்திருந்தது என்பது பின்னரே வினாவாயிற்று. 1877இல் பிரெஞ்சு அறிஞரான ஷ்லோசிங்கும் மூன்ஸும் மணலும் சுண்ணமும் நிரப்பிய குழாயூடு கழிவுநீரைச் செலுத்தினர். ஏறத்தாழ இருபது நாட்களின் பின்னர் அமோனியா குறைந்து நைத்திரேற்று தோன்றலாயிற்று. குளோரோபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றுபோயிற்று. எனவே அது வெறும் இரசாயனச் செயலன்று, நுண்ணுயிர்களின் தொழில் என்பது தெளிவாயிற்று. 1890இல் வினோகிராட்ஸ்கி அந்நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

இச்சோதனை நமது கிணறுகளுக்கும் பொருந்துவதே. ஒட்சிசன் நிறைந்த மணல் நைதரசனை நீக்குவதில்லை; அதன் வடிவத்தையே மாற்றுகின்றது. நேரேற்றமுடைய அமோனியம் மண் துணிக்கைகளில் ஓரளவு ஒட்டிக்கொள்ளும். எதிரேற்றமுடைய நைத்திரேற்றோ தடையின்றி நீருடன் செல்லும். மணமும் நிறமும் சுவையும் அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் கொம்லி, கிணற்றுநீர் கலந்த பாலுணவை உண்ட கைக்குழந்தைகள் உடல் நீலம் பாரித்து நோயுற்றமைக்கு நைத்திரேற்றே காரணமென எழுதினார். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

இங்கு அந்த நைதரசன் எங்கிருந்து வருகின்றது? 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. புதிய நெல்லினங்களுடன் யூரியாவும் வயலுக்கு வந்தது. எனினும் வயலை மட்டும் குற்றஞ்சாட்டல் பொருந்தாது. நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் இன்மையால், வேறுவகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றையே சுவாசித்து அதனை நைதரசன் வாயுவாக்கிவிடுகின்றன. கமக்காரன் பசளை நட்டமெனக் கணக்கிடுவது நீரைக் காப்போனுக்கு இலாபமாகின்றது! உலர்ந்த மணலில் அமைந்த பட்டினத்துக்கு அந்த வாய்ப்பில்லை. மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் அமைந்தமையும், சந்தையும் தெருவும் கழுவிய மழைநீர் உள்ளிறங்குவதும் நாம் முதலில் நோக்கவேண்டியவை. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிணறுகளில் உப்பைக் கலந்தபோது எல்லோர் கவனமும் உவரின்மேற் சென்றது. அது கண்ணீரிடையே நேர்ந்த இயல்பான கவனமே. ஆனால் உவரை நா அறியும், நைத்திரேற்றை அறியாது.

சேறு செய்வதை வடிகாலில் செய்விக்க முடியுமா என்பதே பிற்கால ஆய்வின் வினா. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்தில் தெருநீரை வடிக்கும் செடிப்பாத்திகள் அமைக்கப்பட்டன. அவை அமோனியத்தைப் பிடித்தன. நைத்திரேற்றையோ பெரும்பாலும் தப்பவிட்டன. எனவே அடிப்படையை நீரில் அமிழ்ந்திருக்கச் செய்து, பற்றீரியாக்களுக்குக் காபன் உணவாக ஏதேனும் கலக்கலாயினர். 2003இல் வெளியான மேரிலாந்து ஆய்வொன்றில் சோதிக்கப்பட்ட பொருட்களுள் கிழித்த பத்திரிகைத்தாளே சிறந்ததாயிற்று. கனடாவிலும் நியூசிலாந்திலும் மரத்தூள் பயன்பட்டது.

நமது கரையில் மாரியில் நிலத்தடி நீர்மட்டம் தானாகவே உயர்வதால் அமிழ்ந்த படைக்குக் குறைவில்லை. மணலில் இல்லாதது காபனே. தென்னந்தோட்டங்களின் தும்புச்சோறும் ஆலைகளின் உமியும் அதற்கு உதவலாம். ஆனால் பெருமழையில் நீர் விரைந்து பாயுமிடத்துப் பற்றீரியாக்களுக்குப் போதிய நேரம் கிடையாது. புதிய தும்புச்சோறு முதற்சில மழைகளில் பழுப்பு நீரையும் உப்பையும் வெளிவிடும். ஆகவே கிணற்றருகே அன்றி, களப்பை நோக்கிச் செல்லும் வடிகாலின் முடிவிலேயே அதனை முதலில் இட்டுப்பார்த்தல் வேண்டும்.