பூட்டு யாருக்கு?

மாத்தளை டவுனில் சீடி கடைகள் இருந்த காலத்தில் எங்களில் பலர் ஒரிஜினல் கேமைக் கண்ணால கண்டதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறதுதான். ஆனாலும் கைக்கு வந்தது பேனையால பேர் எழுதின சீடி. அதைக் களவு என்று ஒரே சொல்லில் முடிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

கேமுக்குப் பூட்டுப் போடுவது பழைய வேலை. 1980களில் கசட்டில் வந்த 'எலைட்' விளையாட, ஒரு பிளாஸ்டிக் வில்லையை டிவித் திரையில் பிடித்து, சிதறிக் கிடக்கிற எழுத்தை வாசிக்கணும். லென்ஸ்லோக் என்று பேர். டிவி அளவு தோதாக இல்லாவிட்டால் அது சரிவராது. சில பெட்டிகளில் வில்லையே மாறி வந்தது! காசு கொடுத்தவர் வெளியே நின்றார். 1990இல் வந்த 'மங்கி ஐலண்ட்' பரவாயில்லை. அட்டைச் சக்கரத்தைச் சுழற்றி, கடற்கொள்ளையனின் முகத்தைப் பொருத்தி, வருஷத்தைச் சொல்லணும். பூட்டே ஒரு விளையாட்டு மாதிரி.

இணையம் வந்தபிறகு பூட்டு முரடானது. 2008இல் 'ஸ்போர்' கேமை மூன்று கணினிகளில் மட்டும் போடலாம் என்றார்கள். வாங்கினவர்கள் அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் குவிக்க, ஈஏ நிறுவனம் மூன்றை ஐந்தாக்கியது. 2010இல் யுபிசாஃப்டின் 'அசாசின்ஸ் கிரீட் 2', தனியாக விளையாடினாலும் இணையம் அறுந்தால் நின்றுவிடும். அந்த மார்ச்சில் நிறுவனத்தின் சர்வர்கள் தாக்கப்பட்டு, காசு கொடுத்தவர்களே உள்ளே போக முடியாமல் தவித்தார்கள். ரத்தோட்டைக்கு மேலே சிக்னல் தேடி மேடு ஏறுகிறவர்களுக்கு இது புதுசா என்ன?

போலந்தும் எங்களைப் போல காப்பிச் சீடி ஊர்தான். அங்கே சிடி புரொஜெக்ட் 1999இல் 'பால்டர்ஸ் கேட்' கேமைப் போலிஷ் மொழியில், தேர்ந்த நடிகர்களின் குரலோடு கொண்டுவந்தது. பெட்டிக்குள் வரைபடம், பாட்டு சீடி எல்லாம் வைத்தது. காப்பியில் இல்லாததைக் கொடுத்தார்கள், சனமும் வாங்கியது. அதே நிறுவனத்தின் 'விட்சர் 3' 2015இல் கணினிக்குப் பூட்டில்லாமலும் வந்து, 2023க்குள் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 5 கோடி பிரதிகள் விற்றது.

2003இல் தொடங்கிய ஸ்டீம் நடுவழி. பூட்டு உண்டு. ஆனால் வாங்கினதை எந்தக் கணினியிலும் திரும்ப இறக்கலாம், அடிக்கடி மலிவு விற்பனையும் வரும். அதனால ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இந்தியாவுக்கு 2015இலேயே ஸ்டீமில் இந்திய ரூபாய் விலை வந்தது. எங்களுக்கு இன்னும் டொலர்தான். 60 டொலர் கேம் 2021இல் ஏறக்குறைய 12,000 ரூபாய். அடுத்த வருஷம் டொலர் 360ஐத் தொட்டபோது 21,600. 2021இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அப்படியென்றால் ஒரு கேமுக்கு 22 நாள் கொழுந்து எடுக்கணும்.