எண்ணத் தெரிந்தவர்கள்

சதாரா என்றவுடன் சரித்திரம் படித்தவர்களுக்கு மராட்டிய மன்னர் சாஹுவின் சிம்மாசனம் நினைவுக்கு வரும். எனக்கோ அந்த ஜில்லாவின் கிழக்குக் கோடியில், மேற்கு மலைத்தொடர் மழையை மறித்துவிடுவதால் வறண்டு கிடக்கும் மஸ்வட் என்ற சிற்றூர்தான் நினைவுக்கு வருகிறது.

சேத்னா காலா சின்ஹா பம்பாயில் பிறந்து பொருளாதாரம் படித்தவர். ஜயப்பிரகாச நாராயணரின் இயக்கத்தில் ஈடுபட்டவர். விவசாயி ஒருவரை மணந்து மஸ்வட்டுக்குக் குடிவந்தார். அங்கே தெருவோரத்தில் இரும்படித்துப் பிழைத்த ஒரு பெண்மணி ஒருநாள் அவரிடம் முறையிட்டாள். மழைக்கு முன்னால் கூரைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு வாங்க வேண்டும். அதற்காகச் சிறுகச் சிறுகச் சேமிக்க வேண்டும். ஆனால் அத்தனை சொற்பப் பணத்துக்குக் கணக்குத் திறக்க வங்கி மறுத்துவிட்டது.

கவனியுங்கள், அவள் கேட்டது கடன் அல்ல! ஏழைப் பெண்ணைத் தேடிக் கடன் தானாகவே வரும். 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத்துச் சிறுகடன் கம்பெனி ஒன்று பங்குச் சந்தையில் ஏறியது. அக்டோபரிலேயே, தவணை வசூலின் கெடுபிடியால் தற்கொலைகள் நேர்ந்தன என்ற செய்திகளைத் தொடர்ந்து, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. கொடுக்க அத்தனை பேர். அவள் காசைப் பத்திரமாக வாங்கி வைக்க ஒருவரும் இல்லை.

நாமே ஒரு வங்கி வைத்தால் என்ன என்று சேத்னா கிளம்பினார். ரிசர்வ் வங்கி உரிமம் தரவில்லை. வங்கி தொடங்க முன்வந்த பெண்கள் எழுத்தறியாதவர்களாம்!

சேத்னா கண் கலங்கினார். அந்தப் பெண்களோ, அழுவானேன், படித்துவிட்டால் போகிறது என்றார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு இரவில் அகரம் பழகினார்கள். ஐந்து மாதம் கழித்து 15 பேர் சேத்னாவுடன் மும்பைக்குப் போய் அதிகாரியின் முன் நின்றார்கள்.

பிற்பாடு சேத்னா மேடைகளில் சொன்ன கதை இது. எங்கள் காலத்தில் ஊரில் பள்ளிக்கூடமே இல்லை, அது எங்கள் குற்றமா என்று அவர்கள் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும். எந்தத் தொகைக்கு வேண்டுமானாலும் வட்டி கேளுங்கள், தப்பினால் உரிமம் தரவேண்டாம் என்றார்கள். கூடவே ஒரு நிபந்தனை: உங்கள் உத்தியோகஸ்தர்களும் அதே கணக்கைக் கால்குலேட்டர் இல்லாமல் போட வேண்டும்! அந்த அறையில் விழுந்த மௌனத்தைக் கற்பனை செய்ய நாவலாசிரியன் தேவையில்லை.

1997-ல் மாண் தேசி மகளிர் கூட்டுறவு வங்கி மஸ்வட்டில் பிறந்தது.