கட்டி முடியுமுன் ஓர் அறிவித்தல்

வீடு வாங்குவோர் சுவரைக் காண்பர்; சுவருக்குள் இருப்பதைக் காணார். சாந்து பூசி வர்ணம் தீட்டிய பின்னர், உள்ளேயுள்ள இரும்புக் கம்பியின் பருமனை வெறுங் கண்ணால் அறிய வல்லவர் எவருமிலர். ஆதலால், ஒரு கட்டடத்தை யார் பரிசோதிப்பது என்ற வினாவோடு, எப்பொழுது பரிசோதிப்பது என்ற வினாவும் எழுகின்றது. சட்டங்களின் வரலாற்றிலே இவ்விரண்டாம் வினாவுக்கு விடை பிறக்க நெடுங்காலம் சென்றது.

1666 ஆம் ஆண்டின் பெருந்தீயில் இலண்டன் மாநகர் வெந்தழிந்தது. அடுத்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம், புதிய வீடுகளின் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ அமைதல் வேண்டுமென விதித்தது. 1774 ஆம் ஆண்டுச் சட்டமோ, வேலையைத் தொடங்குமுன் பகுதி மேற்பார்வையாளருக்கு அறிவித்தல் கொடுக்கும் கடமையைக் கட்டுவோர் மீது சுமத்தியது. தொடக்கத்தில் அறிவிக்கும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. முடிவுக்கு முன்னரும் அறிவித்தல் வேண்டும் என்னும் விதி அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சட்டமாவதற்கோ, இரு பெருங் கட்டடங்கள் வெடிப்புக் காண வேண்டியிருந்தது.

அம்மாநிலத்தில் கட்டடங்களைப் பரிசோதித்துச் சான்று வழங்கும் பணி முன்னர் உள்ளூராட்சிச் சபைகளிடம் இருந்தது. 1998 இல் தனியார் அத்தாட்சியாளரும் அப்பணியைச் செய்ய இடமளிக்கப்பட்டது. கட்டுவிப்போரிடம் ஊதியம் பெறுபவரே அவர் வேலையின் குறையையும் எடுத்துக்கூற வேண்டியவரானார். 2001 இல் எச்.ஐ.எச். என்னும் பெரிய காப்புறுதி நிறுவனம் வீழ்ந்தது. அதன் பின்னர், 2003 இல், மூன்று மாடிக்கு மேற்பட்ட தொடர்மாடிகளுக்கு வீட்டுக் காப்புறுதி எடுக்கும் கட்டாயமும் நீக்கப்பட்டது. உயர்ந்த மாடியில் வீடு வாங்கியவருக்கு இருந்த அரண்களுள் ஒன்று இவ்வாறு அகன்றது.

2018 டிசெம்பர் 24. கிறிஸ்மஸ் பண்டிகைக்கு முதல் நாள். சிட்னி ஒலிம்பிக் பூங்காவிலுள்ள ஓப்பல் கோபுரத்தில் வெடிப்பொலி கேட்டது. 392 வீடுகள் கொண்ட அக்கட்டடம் முடிவுற்று ஓராண்டுகூட ஆகவில்லை. குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். அரசாங்கம் நியமித்த பொறியியற் பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, சில உத்தரங்கள் நியமத்துக்கேற்ற வலிமையுடன் வடிவமைக்கப்படவில்லை என்பதும், கட்டுமானத்திலும் குறைகள் நேர்ந்தன என்பதும் தெரியவந்தன.

ஆறு மாதம் செல்லுமுன், 2019 யூன் 14 ஆம் நாள், மாஸ்கொட் கோபுரத்தில் வசித்தோரும் வெளியேற நேர்ந்தது. 132 வீடுகள் கொண்ட அக்கட்டடம் 2008 இல் முடிவுற்றது. சட்டம் தந்த உத்தரவாதக் காலம் கடந்துவிட்டது. தாம் வசிக்க இயலாத வீட்டுக்கு வங்கிக் கடனைச் செலுத்திக்கொண்டே, வேறிடத்தில் தங்க வேண்டிய அவலம் உரிமையாளர் பலரைப் பற்றியது.

2019 ஓகஸ்டில் அம்மாநிலம் கட்டட ஆணையாளர் ஒருவரை நியமித்தது. 2020 செப்தெம்பர் 1 இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. தொடர்மாடி கட்டுவிப்போர், குடிபுகு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கருதும் நாளுக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாமலும் அதிகாரிகளுக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பது அதன் முதன்மையான விதி. அறிவித்தல் கிடைத்ததும், பரிசோதகர் கட்டடத்துள் நுழையலாம். ஐயமெழும் இடத்தைத் திறந்து காட்டும்படியும் பணிக்கலாம்.

இக்கால அளவு காரணமின்றி வகுக்கப்பட்டதன்று. பன்னிரண்டு மாதத்துக்கு முன்னரெனில் பார்ப்பதற்குப் போதிய வேலை நடந்திராது. இறுதி வாரத்திலெனில் திருத்துவதற்கு அவகாசம் இராது. வேலையாட்களும் சாரமும் களத்தில் நிற்கும்போதே குறை வெளிப்படின், திருத்தும் செலவு கட்டுவிப்போரையே சாரும். வீடுகள் கைமாறிய பின்னர் வெளிப்படின், அது குடியிருப்போர் தலையில் விழும். வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்கில் நீளும்.

அறிவித்தல் கொடாதவரையும், பாரதூரமான குறையை விட்டவரையும் கட்டுப்படுத்தத் தடைக் கட்டளை உண்டு. அக்கட்டளை நிற்கும் வரை குடிபுகு சான்றிதழ் வழங்கப்படாது. வீடுகளைத் தனித்தனி உரிமையாகப் பதியவும் இயலாது. பதிவின்றி வீடு கைமாறாது. கைமாறாமல் வாங்குவோரின் மீதிப் பணமும் வந்து சேராது. அபராதத்தை ஒரு செலவாகக் கணக்கிட்டு ஒதுக்கிவிடக்கூடிய பெருவணிகர், விற்பனைப் பணமே தடைப்படுமாயின் அதனை ஒதுக்க இயலாது. சட்டத்தின் வலிமை இங்கேயே உளது.

இச்சட்டத்தின்படி, சான்றிதழ் வழங்கப்பட்டுப் பத்தாண்டு வரையிலும் பாரதூரமான குறைகளைத் திருத்துமாறு கட்டளையிடலாம். ஆயினும் 2008 இல் முடிவுற்ற மாஸ்கொட் கோபுரம் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டது. எந்த மக்களின் துயரம் சட்டத்துக்குக் காரணமாயிற்றோ, அவர்களுக்கே அதன் நிழல் கிட்டவில்லை. அந்நிழல் பின்வருவோருக்கு உரியதாயிற்று. தம் பெயரையும் அறியாத அம்மக்களுக்குப் பின்வருவோர் பட்ட கடன் சிறிதன்று.