ஒரு யானை, ரெண்டு ராஜா, ஒரு மக்கு மிஷின்

ஒரு பக்கம் ராஜாவும் யானையும் (அதாங்க, ரூக்). எதிர்ப்பக்கம் தனி ராஜா. நம்ம ஊர்ல செஸ் கிளாஸ் போற பத்து வயசுப் பையன்கூட இதுல அசால்ட்டா மேட் வச்சிடுவான். எந்த நிலையில் ஆரம்பிச்சாலும் சரியா ஆடினா அதிகபட்சம் 16 நகர்த்தல் போதும். ஆனா ஆரம்பகால செஸ் புரோகிராம்கள் இந்த மாதிரி ஆட்டத்தில்தான் திருதிருன்னு முழிச்சன. ஏன்னு தோண்ட ஆரம்பிச்சேன். செமஸ்டர் வேலை அப்படியே கிடக்குது, அது வேற கதை :-)

இப்ப இந்தச் சிக்கலே இல்லைன்னு சொல்வீங்க, டேபிள்பேஸ் இருக்கேன்னு. உண்மைதான். மேட் ஆன நிலையில் இருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொரு நிலைக்கும் விடையை எழுதி வச்ச அட்டவணை அது. இங்க ஜெர்மனியில் தாமஸ் ஷ்ட்ரோலைன் என்பவர் 1970லேயே ம்யூனிக்கில் தன் முனைவர் பட்டத்துக்குச் சின்ன முடிவாட்டங்களை இப்படிக் கணக்கிட்டார். 2012ல் மாஸ்கோவில் 7 காய் வரைக்கும் வந்துட்டாங்க, 140 டெராபைட். என் பார்வையில் இது கோனார் நோட்ஸ் மாதிரி. விடை சரியா இருக்கும், மார்க்கும் வரும். ஆனா புரிஞ்சுதான் எழுதினியான்னு கேட்டா?

நோட்ஸ் இல்லாம பரீட்சை எழுதச் சொன்னா என்ன ஆகும்? பழைய புரோகிராம் காய்களுக்கு மதிப்பு போடும்: ராணிக்கு 9, யானைக்கு 5, இப்படி. நாலஞ்சு நகர்த்தல் முன்னாடி பார்க்கும். மேட் இன்னும் பதினைந்து நகர்த்தல் தள்ளி இருந்தா அது கண்ணுக்கே தெரியாது. யானையை இங்க வச்சாலும் 5தான், அங்க வச்சாலும் 5தான். எல்லா நகர்த்தலும் ஜெயிக்கிற நகர்த்தல்தான், அதனால எதையும் தேர்ந்தெடுக்கக் காரணம் இல்லை. செக்குமாடு மாதிரி சுத்திச் சுத்தி வந்து, 50 நகர்த்தல் விதியில் டிராவில் முடியும். ஜெயிக்கிற நிலையில் இருக்கோம்னு தெரியறது வேற, முன்னேறுறோமான்னு தெரியறது வேற. இந்த ரெண்டாவது அறிவுதான் மிஷினுக்கு இல்லை.

வேடிக்கை என்னன்னா, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ஒருத்தர் இதைச் சாதிச்சிட்டார். ஸ்பெயின்காரர் லியோனார்தோ டோரஸ் கெவேடோ 1912ல் செஞ்சு, 1914ல் பாரிஸில் காட்டிய மின்-இயந்திரம் 'எல் அஹெத்ரெசிஸ்டா'. வெள்ளை ராஜாவும் யானையும் மிஷினுக்கு, கறுப்பு ராஜா நமக்கு. அதுக்குள்ள இருந்தது ஆறே ஆறு விதி. கறுப்பு ராஜா யானைக்குப் பக்கத்துல வந்துட்டா யானையைப் பலகையின் அந்தக் கோடிக்கு ஓட்டு. யானை ரொம்பத் தள்ளி இருந்தா ஒரு வரிசை இறக்கு. ராஜாக்களுக்கு நடுவுல இடைவெளி ஜாஸ்தின்னா உன் ராஜாவை இறக்கு. மத்ததுக்கு, ராஜாக்களுக்கு இடையே குறுக்குவாட்டில் ஒற்றைப்படைத் தூரமா இரட்டைப்படையா என்று பார். அவ்வளவுதான். குறைந்த நகர்த்தலில் முடிக்காது, சில சமயம் 50ஐயே தாண்டிடும். ஆனா மேட் வைக்காம விடாது.

டோரஸ் தன் அறிவைத்தான் இரும்பில் வச்சார். புத்தகத்தில் இருக்கிற அறிவை மிஷினுக்கு மாத்த முடியுமா? ஸ்டான்ஃபோர்டில் 1968ல் பார்பரா ஹூபர்மன் ஜான் மெக்கார்த்தியிடம் செஞ்ச ஆராய்ச்சி இதுதான். யானை, ரெண்டு பிஷப், பிஷப்பும் குதிரையும் என மூணு முடிவாட்டம் எடுத்துக்கிட்டார். எதிரி என்ன ஆடினாலும் இப்ப இருக்கிறதைவிட 'மேலான' நிலைக்குப் போக வழி இருக்கா என்று புரோகிராம் தேடும். 'மேலான' என்றால் என்னன்னு எழுதறதுதான் உயிர் போற வேலை. மனுஷனுக்கு எழுதின புத்தகம் பாதியைச் சொல்லி மீதியை நம்ம ஊகத்துக்கு விட்டுடும், மிஷினுக்கு அந்த ஊகம் ஏது? இந்த ஹூபர்மன்தான் பிற்பாடு பார்பரா லிஸ்கோவ், 2008க்கான டூரிங் விருது வாங்கினவர். அவர் பேரை நிரல்மொழிப் பாடத்தில் படிக்கிற பலருக்கு அவர் ஆரம்பிச்சது செஸ்ஸில் என்று தெரியாது.

அப்புறம் வந்தவங்க சுருக்குவழி பிடிச்சாங்க. நார்த்வெஸ்டர்னின் செஸ் 4.5 எதிரி ராஜாவை ஓரத்துக்குத் தள்ளினா கூடுதல் மதிப்பெண், நம்ம ராஜா பக்கத்துல போனா இன்னும் கொஞ்சம் என்று வச்சது. யானைக்கு இது போதும். பிஷப்-குதிரைக்குப் போதாது. அங்க பிஷப் நிறத்து மூலையில்தான் கட்டாயமா மேட் வைக்க முடியும், எந்த மூலைன்னு தனியா சொல்லித்தரணும்.

ஆஹெனில் இருந்து எல்லை தாண்டி முப்பது கிலோமீட்டர் போனா மாஸ்ட்ரிக்ட். 2002ல் உலக கம்ப்யூட்டர் செஸ் சாம்பியன்ஷிப் அங்கதான் நடந்தது, டீப் ஜூனியர் ஜெயிச்சது. அதுக்குள்ள டேபிள்பேஸ் சாதாரணமாகி, இந்தக் கேள்வியை எல்லாரும் பரணில் போட்டாச்சு.

பரணில் இருந்து அதை இறக்கினது லீலா. தனக்குத்தானே ஆடிக் கத்துக்கிட்ட நரம்புவலை எஞ்சின் அது. டேபிள்பேஸ் இல்லாம விட்டா, கையில் இருக்கிற வெற்றியை முடிக்காம உலாத்தும், ராணி ஆக்க வேண்டிய சிப்பாயைக் குதிரை ஆக்கும். ஜெயிக்கும் வாய்ப்பைத்தான் அது கூட்டப் பார்த்தது, எத்தனை நகர்த்தலில் என்ற கவலை அதுக்கு இல்லை. 1970களின் செக்குமாடேதான், என்ன, கிராண்ட்மாஸ்டர்களை ஓட ஓட விரட்டும் செக்குமாடு! 2020ல் 'இன்னும் எத்தனை நகர்த்தல் பாக்கி' என்று ஊகிக்கிற ஒரு பகுதியைச் சேர்த்தப்புறம்தான் வழிக்கு வந்தது.

டோரஸின் மிஷின் இன்னும் மாட்ரிடில் இருக்குது. சீப்பா டிக்கெட் கிடைச்சா ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரணும்.