காளானுக்கு விதை வந்த கதை

இடி இடிச்சா காளான் மொளைக்கும்னு ஊர்ல சொல்லுவாங்க. யாரும் விதைக்காம தானா வர்றதுன்னு அர்த்தம். இப்ப சிப்பிக் காளான் பையை வாங்கித் தொங்கவிட்டு, தண்ணி தெளிச்சு, வீட்லயே பறிக்கிறோம். அந்தப் பைக்குள்ள இருக்குற விதைக்கு ஒரு வரலாறு இருக்கு.

19-ஆம் நூற்றாண்டுல பாரிஸ் நகரத்துக்கு அடியில, கல்லு வெட்டியெடுத்த சுரங்கங்களில் குதிரைச் சாணத்துல மொட்டுக் காளான் வளர்த்தாங்க. விதைன்னு தனியா கெடையாது. பழைய பாத்தியில பூஞ்சை படர்ந்த எருக்கட்டியைப் பிச்சு புதுப் பாத்தியில வைப்பாங்க. நோயும் கூடவே போகும். 1890-கள்ல அங்குள்ள பாஸ்டர் நிறுவனம் சுத்தமான வித்தை உருவாக்கியது. அப்புறம் 1930-கள்ல அமெரிக்காவின் ஜேம்ஸ் சிண்டன், வேகவச்ச தானியத்துல பூஞ்சையைப் படரவிட்டார். என் கணக்குல இவர்தான் பெரிய ஆளு. கட்டி உடைக்கிற வேலை போச்சு, நெல்லு மாதிரி அள்ளித் தூவலாம். நம்ம பக்கம் அது சோளத்துல வருது.

1962-ல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்துல பானோவும் ஸ்ரீவஸ்தவாவும் சிப்பிக் காளானை நெல்லு வைக்கோல்ல வளர்த்துக் காட்டினார்கள். நம்ம மாடு திங்கிற அதே வைக்கோல்தான்!

ஆனா ஒண்ணு. நெல்லு, எள்ளுன்னா அடுத்த பட்டத்துக்கு விதை எடுத்து வச்சுக்குவேன். காளான் வித்து அப்படி நிக்காது, நாளானா வீரியம் போயிடும். ஒவ்வொரு தடவையும் காசு குடுத்துத்தான் வாங்கணும். அதனால பைய வாங்குறதுக்கு முன்னாடி, பக்கத்துல வித்து எங்க கெடைக்கும்னு விசாரிங்க. வெள்ளையா படர்ந்திருக்கணும், பச்சைப் புள்ளி தெரிஞ்சா வாங்காதீங்க.